சொட்டு விழாத குழாய்

குழாய் வேலை செய்கிற அந்த மனிதரை எல்லோரும் வாஷர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஒழுகுகிற குழாயைக் கண்டதும் மொத்தத்தையும் மாற்ற வேண்டும் என்று பட்டியல் போடுகிற ஆள் இல்லை அவர். சட்டைப்பையில் எந்நேரமும் பத்துப் பன்னிரண்டு ரப்பர் வாஷர் கிடக்கும். ஒன்றை எடுத்து உள்ளே வைத்து, ஒரு முறுக்கு முறுக்கிவிட்டு, குழாயின் வாயையே பார்த்தபடி ஐந்து நிமிடம் குந்தியிருப்பார். வீட்டுக்காரர்கள் பொறுமையிழந்து, அதான் நின்றுபோயிற்றே என்பார்கள். அவர் நகர மாட்டார். நின்றுபோன ஒழுகலுக்கும் நிற்பதுபோல் நடிக்கிற ஒழுகலுக்கும் உள்ள வித்தியாசம் ஐந்தாவது நிமிடத்தில்தான் தெரியும் என்பது அவருடைய இருபத்தாறு வருட அனுபவம்.

இந்தப் பொறுமைதான் அவரைக் கொண்டுபோய் வானத்தில் மாட்டிவிட்டது.

மாடித் தொட்டிக்குப் பந்து வால்வு மாற்றினால், தொட்டி நிரம்பி வால்வு தானாக மூடிக்கொள்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்க முடியும். அதற்கு முக்கால் மணி நேரம் ஆகும். மற்ற வேலைக்காரர்கள் அந்த நேரத்தில் செல்போனைத் தேய்ப்பார்கள். வாஷருக்கு அது ஒத்துவரவில்லை, கண் எரிந்தது. ஒருநாள் தேய்ந்துபோன பித்தளைக் குழாய்களைப் பழைய இரும்புக் கடையில் போடப் போனவர், தராசுக்குப் பின்னால் கிடந்த ஒரு பைனாகுலரைப் பார்த்தார். ஒரு பக்கம் கோணியிருந்தது. அதில் பார்த்தால் ஒரு தெருவிளக்கு இரண்டாகத் தெரிந்தது. பித்தளைக்கு ஈடாக அதை வாங்கிக்கொண்டு வந்து, பக்கத்துத் திருகாணிகளைக் கடிகார ரிப்பேர்க்காரர் மாதிரி ஒவ்வொரு மயிரிழையாகத் திருகி, ஆடிக்கொண்டிருந்த வளையத்துக்குக் குழாய் மரைக்குப் போடுகிற டெஃப்லான் டேப் சுற்றி, இரண்டு விளக்கையும் ஒரு விளக்காக்கினார். அப்புறம் தொட்டி நிரம்பும்வரை அவருக்குப் பொழுது போவது பற்றிக் கவலை இல்லாமல் போயிற்று.

நாலு மாதத்தில் வானம் அவருக்குத் தெரு மாதிரி பழகிவிட்டது. எந்த முக்கில் எது இருக்கிறது, எது எப்போது எந்தக் கட்டடத்துக்குப் பின்னால் போகும் என்றெல்லாம் கைவிரல் நுனியில் இருந்தது. அப்படி ஒரு சாயங்காலம், இருட்டிய கொஞ்ச நேரத்தில், உச்சிக்குச் சற்று மேற்கே, சிவப்பாக மினுங்கிய ஒரு நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் அதைப் பார்த்தார். நாலு நட்சத்திரங்கள் நூல் பிடித்ததுபோல் ஒரே வரிசை. வரிசையின் முனையில் இரண்டு கீழே வளைந்திருந்தன. வரிசைக்கு மேலே மூன்று சின்னஞ்சிறியவை, கைப்பிடிபோல. வளைவுக்கு நேர் கீழே, தனியே, மங்கலாக ஒன்று.

அரை அங்குலக் குழாய். ஒழுகுகிறது.

வாஷருக்குச் சிரிப்பு வந்தது. தொழில் பழக்கத்தில் அந்தச் சொட்டு விழுகிறதா என்று ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தார். விழவில்லை. தொட்டி வழிந்து தண்ணீர் கீழே கொட்டி, வீட்டுக்காரர் மாடியேறி வந்து கத்திய பிறகுதான் பைனாகுலரை இறக்கினார்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு ரசீதின் பின்பக்கத்தில் பத்துப் புள்ளிகள் வைத்து மனைவியிடம் காட்டினார். மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. டாக்டர்களின் கிறுக்கலையெல்லாம் பார்த்த மாத்திரத்தில் படித்து மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள். ஒரு பார்வை பார்த்துவிட்டு, "குழாய். எந்த வீட்டுல?" என்றாள். இது வானத்தில் இருப்பது என்று அவர் சொன்னதும், அங்கேயிருந்தும் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்களா, எப்போது போகப் போகிறீர்கள் என்று கேட்டாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அடுத்த வாரமே விண்ணோக்கர் சங்கத்திலிருந்து ஆள் வந்தது. கைகழுவும் தொட்டியில் தண்ணீர் போகவில்லையாம்.

நாலாவது மாடியில் ஒரு கூடம், அதற்கு மேல் மொட்டைமாடி. இதுதான் சங்கம். கூடத்தில் முப்பது நாற்காலி, சுவரில் தலைவரின் படம் ஆறு. மூலையில் வெல்வெட் துணி போர்த்திய தொலைநோக்கி. யாரோ நன்கொடையாகக் கொடுத்தது. தலைவர் பதிவு அலுவலகத்தில் பெரிய பதவியிலிருந்து ஓய்வுபெற்றவர். பதிவாகாத எதுவும் உலகத்தில் இல்லை என்பது அவர் கொள்கை. செயலாளர் அதே அலுவலகத்தில் அவருக்குக் கீழே முப்பது வருடம் இருந்து அவரோடு ஓய்வுபெற்றவர். ஆனால் அவருக்குக் கீழே இருப்பதிலிருந்து மட்டும் ஓய்வு பெறவில்லை. தலைவர் எள் என்றால் இவர் எண்ணெயாக நிற்பார்.

தொட்டியின் அடைப்பை எடுத்துவிட்டுக் கையைத் துடைத்த வாஷர், அறிவிப்புப் பலகையைப் பார்த்தார். இதுவரை யாரும் குறித்து வைக்காத நட்சத்திர வடிவங்களைக் கண்டவர்கள் படத்துடன் தெரிவிக்கலாம் என்று போட்டிருந்தது. காகிதம் பழுத்துப் போயிருந்தது. அவர் சட்டைப்பையிலிருந்து ரசீதை எடுத்து நீட்டியபோது, செயலாளர் அதைக் கூலிக்கான சீட்டு என்று நினைத்து, கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார். விஷயம் தெரிந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டு, உறுப்பினர் அல்லாதவர் எதையும் கண்டுபிடிக்க விதியில் இடமில்லை என்றார். வாஷர் உறுப்பினராகிறேன் என்றார். அதற்கும் ஒரு படிவம் இருந்தது. மூன்று நகல்.

விஷயம் செயற்குழுவுக்குப் போனது. வாஷரையும் கடைசி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வானத்தில் தேள் இருக்கிறது, நண்டு இருக்கிறது, ஆடு மாடெல்லாம் இருக்கிறது, அதெல்லாம் சரி. ஆனால் குழாய் என்பது எப்படி என்று ஒருவர் கேட்டார். கோட்டு மாட்டும் கொக்கிபோல ஒரு நட்சத்திரக் கூட்டம் உண்டு, அதை உலகமே அப்படித்தான் சொல்கிறது என்று புத்தகம் படிக்கிற ஒரே உறுப்பினர் மெதுவாகச் சொன்னார். கோட்டு என்பது மதிப்பான உடை, அதனால் அதன் கொக்கியும் மதிப்பானது என்று செயலாளர் அந்த வாதத்தை முடித்துவைத்தார். குழாய்கூடப் பரவாயில்லை, ஒழுகுகிற குழாய் என்றால் சங்கத்தின் பராமரிப்பு சரியில்லை என்று வெளியே பேச மாட்டார்களா என்று பொருளாளர் கவலைப்பட்டார்.

வாஷர் எழுந்து நின்றார். "குழாய்னா கேவலமா சார்?" என்று கேட்டார். "காலையில எழுந்ததும் எல்லாரும் முதல்ல அது முகத்துலதானே முழிக்கிறீங்க?"

கேள்வி நிகழ்ச்சி நிரலில் இல்லாததால் குறிப்பேட்டில் ஏறவில்லை. நேரில் பார்த்து முடிவு செய்ய மூவர் கொண்ட துணைக்குழு போடப்பட்டது.

துணைக்குழு மாடிக்குத் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு போவதற்கே இரண்டு வாரம் ஆயிற்று. வெல்வெட்டை எடுத்தார்கள், தூசி கிளம்பி மூவரும் தும்மினார்கள். பொருளாளர் முதலில் கண்ணை வைத்தார். ஒரே கறுப்பு. மேகம் என்றார். வானமோ துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி பளபளவென்று இருந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். குழு அடுத்து தொலைநோக்கியே பழுது என்று எழுதப் போயிற்று. வாஷர் முன்னால் போய், குழலின் வாயில் மாட்டியிருந்த மூடியைக் கழற்றிக் கையில் கொடுத்தார். ஒன்பது வருடமாக அது கழற்றப்படவே இல்லை என்பது மூடிக்குள் கிடந்த, தேதி போட்ட விலைச்சீட்டிலிருந்து தெரிந்தது. பிறகு அவரே குழலைத் திருப்பி, சிவப்பு நட்சத்திரத்தைப் பிடித்து, அதிலிருந்து ஒரு நகர்த்து நகர்த்தி, "இப்ப பாருங்க" என்றார்.

செயலாளர் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

வாஷருக்கு ஒரு விஷயம் தெரியாது. அந்த மாதிரிக் கண்ணாடித் தொலைநோக்கியில் எல்லாமே தலைகீழாகத் தெரியும். கீழே வளைந்த குழாய் வாய் அதில் மேல்நோக்கி வளைந்திருந்தது. சொட்டு உச்சியில் மினுங்கியது. நீட்டி மடக்கி உயர்த்திய ஒரு கை. கைக்கு மேலே ஒரு சுடர். செயலாளர் கூடத்துக்கு இறங்கி ஓடி, சுவரில் இருந்த ஆறு படங்களில் மூன்றாவதைக் கழற்றிக்கொண்டு வந்தார். தலைவர் கூட்டத்தைப் பார்த்துக் கையைத் தூக்குகிற படம். அச்சு அசல் அதே வளைவு என்று மற்ற இருவரும் ஒப்புக்கொண்டார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானதைத்தான் உலகம் கண்டிருக்கிறது. குழாய் பிடிக்கத் தலைவர் ஆனது அன்றைக்குத்தான்.

'தலைவர் திருக்கரம்' என்ற பெயர் ஒருமனதாக நிறைவேறியது. தலைவர் முதலில் வேண்டாம் என்றார். இரண்டாவது முறையும் வேண்டாம் என்றார். மூன்றாவது முறை யாரும் கேட்கத் தாமதித்ததால் தானாகவே ஒப்புக்கொண்டார். தொழில்நுட்ப உதவிக்காகக் குழாய்த் தொழிலாளருக்கு நன்றி என்று தீர்மானத்தின் கடைசி வரியில் இருந்தது. மூடியைக் கழற்றியதைத்தான் அப்படிச் சொல்லியிருந்தார்கள்.

வாஷர் அன்று வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை. அது கையா குழாயா என்று மனைவியிடம் பைனாகுலரைக் கொடுத்து மறுபடி கேட்டார். அவள் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "குழாய்தாங்க. ஆனா தலைகீழா நின்னு பாக்குறவங்ககிட்ட நேரா நின்னு என்ன பேசுவீங்க? வந்து தூங்குங்க."

ஆண்டு விழாவில் திருக்கரத்தைத் திறந்துவைப்பதாக ஏற்பாடு. நட்சத்திரத்தை எப்படித் திறப்பது என்று யாரும் கேட்கவில்லை. தலைமை விருந்தினராக ஓர் ஆய்வுக்கூடத்திலிருந்து வானியல் பேராசிரியை ஒருவரை அழைத்திருந்தார்கள். அழைப்பிதழில் விருந்தினர் பெயருக்குச் சின்ன எழுத்து, தலைவர் பெயருக்குப் பெரிய எழுத்து, செயலாளர் பெயருக்கு ஓரிடத்தில் பெரியதும் நாலிடத்தில் சின்னதும். வாஷருக்கும் அழைப்பு வந்தது. கூட்டம் நிறைய வரும், மாடித் தொட்டியில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்று.

போனதும் அவர் செயலாளரைத் தேடிப் பிடித்து ஒரு விஷயம் சொன்னார். இப்போதெல்லாம் அந்த நட்சத்திரக் கூட்டம் சீக்கிரமே மேற்கே சாய்ந்துவிடுகிறது. எட்டரைக்கெல்லாம் எதிர்க் கட்டடத்துக்குப் பின்னால் போய்விடும். திறப்பை முன்னால் வைத்துக்கொண்டால் நல்லது.

"நிரல்ல எட்டே முக்கால்னு இருக்கு" என்றார் செயலாளர்.

"அதுக்குள்ள அது போயிடும் சார்."

"அச்சடிச்சாச்சுப்பா" என்று செயலாளர் முடித்துக்கொண்டார்.

ஏழு மணிக்குப் பேச்சு ஆரம்பித்தது. வரவேற்புரை, விளக்கவுரை, விளக்கவுரைக்கு விளக்கம், பாராட்டுரை, பாராட்டியவரைப் பாராட்டும் உரை. தலைவரின் கரம் கையெழுத்திட்ட கோப்புகள் எத்தனை என்று ஒருவர் புள்ளிவிவரம் சொன்னார். பேராசிரியை மேடையில் பொம்மைபோல் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் ஒரு பைனாகுலர் தொங்கியது. அதை ஏதோ அலங்காரம் என்று எல்லோரும் நினைத்தார்கள். எட்டேகால் வாக்கில் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு மெல்ல எழுந்து, யாரோடோ பேசப் போகிறவர் மாதிரி மாடிப்படி ஏறினார். செல்போன் ஒலிக்கவே இல்லை.

மேலே வாஷர் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். பேராசிரியை அவரிடம் திருக்கரம் எந்தப் பக்கம் என்று கேட்டார். வாஷர் எதிர்க் கட்டடத்தின் உச்சியைக் காட்டி, சிவப்பு நட்சத்திரத்தைக் காட்டி, அங்கிருந்து வலப்பக்கம் கொஞ்சம் என்றார். சீக்கிரம் பாருங்கள் மேடம், இன்னும் பத்து நிமிடம்தான் என்றும் சொன்னார்.

பேராசிரியை பைனாகுலரை உயர்த்தினார். சிரிப்பில் தோள் குலுங்கியது.

"இது கையா? இது குழாயாச்சே!" என்றார். "சொட்டுக்கூட இருக்கே."

வாஷர் சட்டைப்பையிலிருந்து அந்த ரசீதை எடுத்துக் கொடுத்தார். பேராசிரியை தன் கைவிளக்கை அடித்துப் பார்த்தார். புள்ளிகளையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்து, இந்த மூன்று சின்ன நட்சத்திரங்கள்கூட இடம் தவறாமல் இருக்கின்றன, எதை வைத்து அளந்தீர்கள் என்று கேட்டார். கண்ணால்தான் என்றார் வாஷர். தொலைநோக்கியில் தலைகீழாகத் தெரியும் என்பதைப் பேராசிரியைதான் விளக்கிச் சொன்னார். அதைக் கேட்டதும் வாஷருக்குச் செயலாளர்மேல் இருந்த கோபத்தில் பாதி குறைந்தது. பாவம், அவர் பொய் சொல்லவில்லை.

எட்டே முக்காலுக்கு எல்லோரும் திரண்டு மேலே வந்தபோது அந்த இடத்தில் எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி மட்டும் இருந்தது. தலைவர் அதை நோக்கித் தொலைநோக்கியைத் திறந்துவைத்தார். கைதட்டினார்கள். பேராசிரியையைப் பேசச் சொன்னார்கள். அவர் நீட்டி முழக்கவில்லை. தான் எட்டு இருபதுக்கே பார்த்துவிட்டதாகவும், பல வருடங்களில் இவ்வளவு அழகான குழாயைக் கண்டதில்லை என்றும், அதைக் கண்டவர் தொட்டிப் பக்கம் நிற்கிறார் என்றும் சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றார்.

செயலாளரின் முகம் இருட்டிலும் வெளுத்துத் தெரிந்தது. ஆனால் தலைவர் சும்மா உயர்பதவிக்கு வந்தவர் இல்லை. மெதுவாக முன்னால் வந்து, பேராசிரியை சொன்னதும் சரி, சங்கம் சொன்னதும் சரி என்றார். அதே வடிவம் இனிமேல் இரண்டு கண்ணால் பார்ப்பவர்களுக்குக் குழாயாகவும், ஒரு கண்ணால் பார்ப்பவர்களுக்குக் கரமாகவும் விளங்கும் என்று அங்கேயே தீர்மானம் போட்டார். ஒருமனதாக நிறைவேறியது.

பேராசிரியை ஊருக்குப் போனதும், வானம் பார்ப்பவர்களுக்கென்று வருகிற ஒரு மாதப் பத்திரிகையில் அரைப் பக்கம் எழுதினார். 'ஒழுகும் குழாய்' என்று தலைப்பு. கண்டவர் ஒரு பிளம்பர் என்றும், படம் அவர் ரசீதில் போட்டது என்றும் குறிப்பு. பைனாகுலர் வைத்திருக்கிற ஆட்கள் அங்கங்கே தேடிப் பார்த்துவிட்டு, ஆமாம் குழாய்தான் என்று எழுதினார்கள். சிலர் சங்கத்தையே தேடி வந்தார்கள். மூன்றே மாதத்தில் உறுப்பினர் எண்ணிக்கை இரட்டிப்பானது. திருக்கரம் குறிப்பேட்டிலிருந்து எப்படி மறைந்தது என்று யாருக்கும் தெரியாது; அந்தப் பக்கத்தில் டீ கொட்டிவிட்டதாகச் செயலாளர் சொன்னார். தண்ணீரை வீணாக்காதீர்கள் என்று வானமே சொல்கிறது, இதை நான் அன்றே உணர்ந்தேன் என்று தலைவர் போகிற இடமெல்லாம் பேசினார்.

வாஷரைப் புது வடிவங்களை ஆராயும் துணைக்குழுவில் போட்டார்கள். இப்போது முதல் வரிசை நாற்காலி. பல் டாக்டர் ஒருவர் கடைவாய்ப் பல்லைக் கண்டிருந்தார். ஒரு பேருந்து ஓட்டுநர் ஸ்டியரிங்கை. வாஷரிடம் அபிப்பிராயம் கேட்டார்கள். ஆரம்பத்தில் அவருக்குக் கூச்சமாக இருந்தது. அப்புறம் பிடித்துப்போயிற்று. தொண்டையைச் செருமிவிட்டுப் பேசக் கற்றுக்கொண்டார். ஸ்டியரிங்கில் வட்டம் முழுமையாக இல்லை என்று சொன்னபோது எல்லோரும் தலையாட்டினார்கள். வாடிக்கையாளர்கள் கூப்பிட்டால் கூட்டத்தில் இருக்கிறேன் என்று பதில் போயிற்று. நாலு வீட்டில் வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள்.

ஒருநாள் துணி தைக்கிற அம்மா ஒருத்தி வந்தாள். பிளவுஸ் வெட்டிய காகிதத்தில் புள்ளி வைத்துக் கொண்டுவந்திருந்தாள். முனை உடைந்த ஊசி என்றாள். வாஷர் காகிதத்தைத் தூரப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார். பிறகு, "ஊசி சரிம்மா. வானத்துல போய் உடைஞ்ச ஊசியா?" என்றார்.

செயலாளர் பலமாகத் தலையாட்டினார். அந்த அம்மா காகிதத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

வீட்டுக்கு வந்து இதை ஒரு வேடிக்கைபோல மனைவியிடம் சொல்ல ஆரம்பித்தார் வாஷர். பாதியிலேயே நின்றுவிட்டது. மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கேள்வி எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. இரவு முழுக்கப் புரண்டு புரண்டு படுத்தார்.

மறுநாள் சாயங்காலம் பைனாகுலரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மனைவியும் கடையிலிருந்து நேராக வந்து சேர்ந்துகொண்டாள். தையல்கார அம்மாவின் வீடு மூன்றாவது சந்தில், மேல்மாடியில். ஓரடி அகலப் பால்கனி. அவள் மிஷினை நிறுத்தாமலே, என்ன விஷயம் என்று கேட்டாள்.

"நேத்து நான் பாக்காமலே பேசிட்டேன்மா" என்றார் வாஷர். "எங்கன்னு காட்டுங்க, பாக்குறேன்."

அவள் சற்று யோசித்தாள். கால் மிதியை நிறுத்திவிட்டு எழுந்து வந்து, எதிர்வீட்டு ஆன்டெனாவுக்கு மேலே கையை நீட்டினாள். அவர் பால்கனித் தரையில் குந்தி, முழங்கையை முழங்காலில் ஊன்றிப் பார்த்தார். ஐந்து நிமிடம் ஆயிற்று. மனைவி உள்ளே போய்ப் பித்தான் டப்பாவை வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். அவர் அசையவில்லை.

ஊசி இருந்தது. முனை உடைந்துதான் இருந்தது. காதும் இருந்தது. காதிலிருந்து மங்கலாக, மிக மங்கலாக, ஐந்தாறு புள்ளிகள் வளைந்து வளைந்து போயின.

"நூலும் கோத்திருக்கேம்மா" என்றார்.

"நூலா?" என்றாள் அவள். "நான் பாக்கலையே." கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பைனாகுலரை அவரிடமிருந்து வாங்கினாள்.